டைம் கில்லர்ஸ் (1992): கை போன பிறகும் சண்டை நிற்காத ஆர்கேட் விளையாட்டை இன்று ஆடிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1992ஆம் ஆண்டின் சண்டை விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பெயர்களோடு முடிந்துவிடும். முந்தைய ஆண்டே வந்து, நாணயம் போட்டு ஆடும் இயந்திரங்கள் நிறைந்த ஆர்கேடுகளை ஆக்கிரமித்திருந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஒன்று, அந்த ஆண்டு வந்த மார்ட்டல் காம்பாட் மற்றொன்று. அதே ஆண்டின் கடைசியில் இன்னொரு இயந்திரமும் வந்தது. அதில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே எதிராளியின் கையை வெட்டலாம். கை போனவர் மிச்சமிருக்கும் உறுப்புகளோடு தொடர்ந்து சண்டை போடலாம். சுற்று தொடங்கிய முதல் நொடியிலேயே தலையை எடுத்து ஆட்டத்தை முடித்துவிடவும் வழி இருந்தது. அதுதான் டைம் கில்லர்ஸ்.

இதை நினைவில் வைத்திருக்கும் சிலரும் ரத்தத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 'மட்டமான காப்பி' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டுமே அநியாயம் என்பது என் கருத்து. மார்ட்டல் காம்பாட்டில் கொடூரம் வருவது சண்டை முடிந்த பிறகு. யார் ஜெயித்தார் என்பது முடிவானதும் காட்டப்படும் காட்சி அது; ஆட்டத்தின் போக்கை அது மாற்றுவதில்லை. டைம் கில்லர்ஸில் வெட்டு விழுவது ஆட்டத்துக்குள்ளேயே. ஒரு கை போனால் அந்தக் கைக்கு உரிய பட்டனும் போனது என்று அர்த்தம். காயத்தையே விதியாக்கிப் பார்த்த விளையாட்டு இது. அதை அரைகுறையாகத்தான் செய்தது, ஆனாலும் துணிந்து செய்தது. அந்த விதி புரிகிற விதத்தில் இதை ஆடுவது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இது பெரியவர்களுக்கான விளையாட்டு. வரைந்த படங்கள்தான், காமிக்ஸ் புத்தகத்தின் சாயலும் உண்டு. இருந்தாலும் கையும் தலையும் துண்டாகி விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு ஆடுங்கள்.

யார் செய்தது?

இதை உருவாக்கியது சிகாகோ புறநகர்ப் பகுதியைச் சேர்ந்த இன்கிரெடிபிள் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம். எலைன் ஹாட்ஜ்சன், ரிச்சர்ட் டிட்டன் இருவரும் 1985இல் தொடங்கியது. டைம் கில்லர்ஸ் ஸ்ட்ராட்டா என்ற பெயரில் வெளியானது. இந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் அமெரிக்க ஆர்கேட் ரசிகர்களுக்கு முதலில் தோன்றுவது வெட்டுக்குத்து அல்ல, கோல்ஃப்தான். பார்களில் பந்தை உருட்டி ஆடும் கோல்டன் டீ விளையாட்டு வரிசை 1989இல் இவர்களிடமிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த கேப்காம் பௌலிங்கும் இவர்கள் செய்ததே. கோல்ஃபும் பௌலிங்கும் செய்து கொண்டிருந்த இடத்திலிருந்து சங்கிலி ரம்பத்தோடு ஒரு சண்டைக்காரன் வந்தான் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

'காப்பி' என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். மார்ட்டல் காம்பாட் ஆர்கேடுகளில் பரவிய சில மாதங்களுக்குள்ளேயே டைம் கில்லர்ஸும் வந்துவிட்டது. ஒரு விளையாட்டைப் பார்த்துவிட்டு இன்னொன்றை முழுதாகச் செய்து முடிக்க அது போதுமான காலம் அல்ல. இன்னொரு விஷயமும் உண்டு. ஆயுதம் ஏந்திய சண்டை விளையாட்டு என்றால் பலரும் சாமுராய் ஷோடவுனைத்தான் சொல்வார்கள். அது வந்ததோ 1993இல். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போட்ட பாதையில் ஆயுதத்தோடு முதன்முதலாக இறங்கியவற்றில் ஜப்பானின் அலூமர் நிறுவனம் 1992இல் செய்த பிளாண்டியாவும் டைம் கில்லர்ஸும் உண்டு.

படி 1: ஆர்கேட் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், ஜெனசிஸ் பதிப்பை விட்டுவிடுங்கள்

வீட்டுக் கன்சோல்களில் இது வந்தது செகா ஜெனசிஸில் மட்டும், அதுவும் 1996இல். சூப்பர் நிண்டெண்டோவுக்குத் திட்டமிட்ட பதிப்பு கைவிடப்பட்டது. ஆர்கேடில் வந்து நாலு வருடம் கழித்து, பிளேஸ்டேஷனும் சாட்டர்னும் கடைக்கு வந்துவிட்ட பிறகு வெளியான ஜெனசிஸ் பதிப்பைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. டைம் கில்லர்ஸ் மோசமான விளையாட்டு என்ற பெயர் நிலைத்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பதிப்புதான் என்பேன். படங்கள் சுருங்கி, நிறங்கள் குறைந்து, அசைவுகள் வெட்டி வெட்டி வரும். அதில் வெட்டின் கனமே தெரியாது. கனம் தெரியாவிட்டால் இந்த விளையாட்டில் வேறொன்றும் மிச்சமில்லை.

ஆகவே ஆர்கேட் பதிப்பு. அதற்கு இரண்டு வழி. அசல் சர்க்யூட் போர்டை வாங்கி, அதற்கான கேபினெட்டில் மாட்டி ஆடுவது ஒன்று. இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். போர்டைக் கேபினெட்டோடு இணைக்கும் அந்தக் காலத்துப் பொதுவான ஜாமா இணைப்பில் ஆளுக்கு மூன்று பட்டன்களுக்குத்தான் வயர் இருக்கும். இந்த விளையாட்டுக்கு ஐந்து வேண்டும். மிச்ச இரண்டுக்கும் தனியாக வயர் இழுக்க வேண்டும். போர்டு வாங்கும்போதே அந்தக் கூடுதல் வயர் சேர்ந்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நம்மில் பெரும்பாலானோருக்கு ஒத்துவரும் வழி மேம் எமுலேட்டர், அதாவது பழைய ஆர்கேட் இயந்திரம்போலக் கணினியை நடக்கவைக்கும் மென்பொருள். 1997இல் தொடங்கி, 2016 முதல் முழுத் திறந்த மூல மென்பொருளாக இருக்கும் திட்டம் இது. எமுலேட்டர் சட்டப்படி இலவசம். விளையாட்டின் ரோம் கோப்பு, அதாவது போர்டின் சிப்புகளில் இருக்கும் விளையாட்டின் நகல், அப்படியல்ல. அதன் காப்புரிமை இன்னும் முடியவில்லை. சொந்தமாக வைத்திருக்கும் போர்டின் சிப்புகளிலிருந்து படியெடுத்துக்கொள்வதுதான் உறுத்தல் இல்லாத வழி. கண்ட தளங்களில் தேடாதீர்கள். அங்கே விளையாட்டோடு வைரஸும் சேர்ந்து வரும்.

படி 2: மேமைச் சரிசெய்தல்

இங்கே நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டைம் கில்லர்ஸ் ஓடுவது 12 மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா 68000 செயலியில். அதனால் எந்தப் பழைய லேப்டாப்பும் போதும். மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

படத்தை 4:3 விகிதத்திலேயே வையுங்கள். அகலத் திரைக்கு இழுத்து நிரப்பினால் ஆயுதங்களின் நீளம் கண்ணுக்குத் தவறாகத் தெரியும். தூரத்தைக் கண்ணால் அளந்து ஆட வேண்டிய விளையாட்டில் அது பெரிய இடைஞ்சல். அடுத்து, தாமதம். புளூடூத் கட்டுப்பாட்டுக் கருவியைத் தவிர்த்து வயர் உள்ளதைப் பயன்படுத்துங்கள். மேமில் குறைந்த தாமதத்துக்கான லோ லேட்டன்சி அமைப்பு இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். கடைசியாக, விளையாட்டு ஓடும்போது டேப் கீயை அழுத்தி டிப் ஸ்விட்ச் பகுதியை ஒருமுறை பாருங்கள். அந்தக் காலத்து ஆர்கேட் உரிமையாளர்கள் இடத்துக்கு ஏற்றபடி இயந்திரத்தை மாற்றிக்கொள்ள இந்த ஸ்விட்சுகளைத்தான் பயன்படுத்தினார்கள். வன்முறை அளவு தொடர்பாக ஏதாவது அமைப்பு தெரிந்தால் அது முழு அளவில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நாணயம் போட எண் 5, தொடங்க எண் 1. இரண்டாவது ஆளுக்கு 6, 2.

படி 3: ஐந்து பட்டன், ஐந்து உறுப்பு

வழிகாட்டியில் எதைத் தாண்டினாலும் இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஆறு பட்டன்கள் உண்டு. அவை அடியின் வலுவைச் சொல்பவை: லேசானது, நடுத்தரம், பலமானது. டைம் கில்லர்ஸின் ஐந்து பட்டன்கள் உடலைச் சொல்பவை. இடது கை, வலது கை, இடது கால், வலது கால், தலை. எந்த உறுப்பால் அடிக்க வேண்டுமோ அந்த உறுப்பின் பட்டனை அழுத்துகிறோம். தடுப்புக்கென்று பட்டன் கிடையாது. ஜாய்ஸ்டிக்கைப் பின்னோக்கி இழுத்துத்தான் தடுக்க வேண்டும். அதாவது விரலுக்குக் கீழே இருக்கும் எல்லாமே தாக்குதல்.

இந்த ஏற்பாட்டில் ஒரு அழகு இருக்கிறது. கை வெட்டுப்பட்டால் அந்தப் பட்டன் செத்துவிடுகிறது. திரையில் தெரியும் நஷ்டத்தை விரலும் உணர்கிறது. அனிச்சையாக அந்தப் பட்டனை அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்காமல், அந்த அரை நொடியில் அடி வாங்குவீர்கள். இரண்டு கையும் போன ஆளுக்கு மிச்சம் இரண்டு காலும் தலையும்தான். உதைத்தும் முட்டியும் ஆட்டத்தை இழுக்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். அடுத்த சுற்றில் கைகள் திரும்ப வந்துவிடும்.

கணினிக் கீபோர்டில் இதை ஆட முயன்றால் சீக்கிரமே ஒரு தடை வரும். பல சாதாரணக் கீபோர்டுகள் மூன்று நான்கு கீக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அழுத்தினால் சிலவற்றை விழுங்கிவிடும். இந்த விளையாட்டின் முக்கியமான அடிக்கோ ஐந்தையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், அதற்கு மேல் திசைக் கீயும் சேரும். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அதனால் கேம்பேட் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது: மேல்பக்க இடது பட்டன் இடது கைக்கு, மேல்பக்க வலது பட்டன் வலது கைக்கு. அவற்றுக்குக் கீழே இருக்கும் இரண்டு ட்ரிக்கர்களும் அந்தந்தப் பக்கக் கால்களுக்கு. வலது கட்டை விரல் படும் முகப்புப் பட்டன்களில் ஒன்று தலைக்கு. இப்படி வைத்தால் கேம்பேடே ஒரு சின்ன உடம்பாகிவிடும்: மேலே கைகள், கீழே கால்கள், முன்னால் தலை. எந்தப் பட்டன் எது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. ஐந்தையும் ஒன்றாக அழுத்துவதும் எளிது, கேம்பேடை மொத்தமாக ஒரு பிடி பிடித்தால் போதும். ஆர்கேட் ஜாய்ஸ்டிக் பலகை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. உள்ளங்கையை விரித்து ஐந்தின் மேலும் அடிப்பதுதான் அசல் இயந்திரத்தின் முறை.

மேமில் இதை அமைக்க டேப் கீயை அழுத்தி, இந்த விளையாட்டுக்கு மட்டுமான இன்புட் பகுதிக்குப் போங்கள். பொதுப் பகுதியில் மாற்றினால் மற்ற விளையாட்டுகளும் குழம்பிவிடும். ஐந்து பட்டன் வரிகளில் எது எந்த உறுப்பு என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துப் பொருத்துங்கள்.

ஐந்தையும் ஒரே கீயில் அடைத்துவிடலாமா? முடியும். ஒரு வரியில் ஒரு கீயைக் கொடுத்த உடனே அதே வரியில் மறுபடி எண்டர் அழுத்தி இன்னொரு கீயையும் சேர்க்கலாம். ஐந்து வரியிலும் பொதுவாக ஒரே கீயைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. தனியாகப் பயிற்சி செய்யும்போது அது வசதிதான். இன்னொருவரோடு ஆடும்போது வேண்டாம். ஐந்தையும் பிழையில்லாமல் ஒன்றாக அழுத்தும் அந்தச் சின்னச் சிரமம்தான் இந்த விளையாட்டின் மிகப் பயங்கரமான அடிக்கு இருக்கும் ஒரே கடிவாளம். அதையும் அவிழ்த்துவிட்டால் சண்டை சூதாட்டமாகிவிடும்.

படி 4: ஆளில்லாத எதிராளியோடு பழகுங்கள்

பயிற்சிக்கென்று தனிப் பகுதி இதில் இல்லை. பரவாயில்லை, இரண்டு பேர் ஆட்டத்தைத் தொடங்கி இரண்டாவது ஆளைச் சும்மா நிற்க விடுங்கள். சுற்று தொடங்கியதும் மேமின் சேவ் ஸ்டேட் வசதியால் அந்த நொடியைச் சேமித்துக்கொண்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் அங்கே திரும்பலாம்.

முதலில் ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக அழுத்தி, அடி எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் பாருங்கள். நின்றபடி, குனிந்தபடி, குதித்தபடி. எதிராளியைத் தாண்டி மறுபக்கம் போனபின் இடது வலது எப்படி வேலை செய்கிறது என்பதையும் கவனித்து வையுங்கள். பிறகு பட்டன்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சில ஜோடிகள் ஒற்றைப் பட்டனைவிட வலுவான அடியைத் தரும். எந்த ஜோடி உங்கள் ஆளுக்கு எந்த அளவு எட்டுகிறது என்பது ஒரு சின்னத் தாளில் எழுதி வைக்கத் தகுந்த விஷயம். அப்புறம் ஜாய்ஸ்டிக்கைச் சுழற்றிப் பட்டன் அழுத்தும் சிறப்பு அடிகள். இவற்றுக்கு இப்போதைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் போல ஆட்டத்தைத் தீர்மானிப்பவை அவை அல்ல.

அடுத்த பயிற்சிதான் முக்கியம், இதை யாரும் செய்வதில்லை. இரண்டாவது கேம்பேடை எடுத்து உங்கள் ஆளின் கையை நீங்களே வெட்டிவிடுங்கள். அந்த நிலையைச் சேமியுங்கள். இப்போது மிச்சமிருக்கும் பட்டன்களை மட்டும் வைத்து முதல் கேம்பேடில் ஆடிப் பழகுங்கள். பிறகு இரண்டு கையும் இல்லாமல். காலும் தலையும் மட்டுமே உள்ள நிலையில் நெருங்கிப் போகாமல் ஒன்றும் நடக்காது. நெருங்கினாலோ எதிராளியின் ஆயுதம் காத்திருக்கும். அந்த நெருக்கடியில் எப்போது உள்ளே புகுவது என்று கற்றுக்கொண்டவருக்கு இரண்டு கையும் இருக்கும்போது ஆட்டம் மிக எளிதாகத் தெரியும்.

படி 5: எட்டுப் பேரில் யார்?

கதை ஒரு வரிதான். வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த எட்டு வீரர்கள் மோதுகிறார்கள். எல்லோரையும் வென்றவர் மரணத்தோடு மோதி, சாகாவரம் பெறலாம்.

கற்காலத்திலிருந்து கல் கோடரியோடு தக். வைக்கிங் வீரன் லீஃப். ஆர்தர் மன்னர் காலத்துச் சூழலிலிருந்து வுல்ஃப். இடைக்கால ஐரோப்பியக் கவச வீரர் லார்ட் ஹேவர்ஹில். ஜப்பானிய சாமுராய் முசாஷி. இரண்டு வாள் முறைக்குப் பேர்போன மியாமோட்டோ முசாஷியின் பெயர் அது, அவர் 1645இல் மறைந்தவர். பக்கம் திரும்பினால் எதிர்காலம்: விண்வெளி வீரன் ஓரியன், கும்பிடுபூச்சி உருவத்தில் மாண்டாஸ், 2024ஆம் ஆண்டின் சிகாகோவிலிருந்து சங்கிலி ரம்பத்தோடு ரான்சிட். 1992இல் சிகாகோ பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் ஊரின் எதிர்காலத்தை இப்படிக் கற்பனை செய்திருக்கிறார்கள். அந்த 2024ஐ நாம் தாண்டி வந்துவிட்டோம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஹேவர்ஹில்லை எடுங்கள். நேரான வாள், நேரான வீச்சு. எங்கே படும், எங்கே படாது என்று கண் சீக்கிரம் பழகும். அவரோடு தூரம் பிடிபட்டதும் முசாஷிக்கு மாறலாம். ரான்சிட்டை எல்லோரும் முதலில் எடுப்பார்கள், ரம்பம் அப்படி இழுக்கும். எடுத்து ஆடிப் பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவரோடு கற்றுக்கொள்ளாதீர்கள். எனக்குப் பிடித்தது மாண்டாஸ். மற்றவர்களிடம் வெட்டுவது ஆயுதம். மாண்டாஸுக்கு உடம்பே ஆயுதம். இந்த விளையாட்டின் எண்ணத்துக்கு மிக நெருக்கமான ஆள்.

படி 6: ஐந்தையும் சேர்த்து அழுத்தும் அடி

சண்டையின் எந்த நொடியிலும் ஐந்து பட்டன்களையும் ஒன்றாக அழுத்தினால் உங்கள் ஆள் எதிராளியின் தலையைக் குறிவைத்து வீசுவார். பட்டால் அந்தச் சுற்று முடிந்தது. மிச்சமிருக்கும் உயிரைத் திரையில் காட்டும் உயிர்க்கோடு முழுசாக இருந்தாலும் சரி, இரண்டு நொடிதான் ஆகியிருந்தாலும் சரி. எதிராளி தலைசுற்றி நிற்கும்போது இதையே செய்தால் இரண்டு கையும் தலையும் ஒரேயடியாகப் போகும்.

இதைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். 25 சென்ட் போட்டுவிட்டு நிற்கும் ஒரு புதிய ஆள் மூன்று நொடியில் தலையை இழந்தால் இன்னொரு நாணயத்தை எடுப்பாரா, வேறு இயந்திரத்துக்குப் போவாரா? பெரும்பாலானோர் போய்த்தான் இருப்பார்கள். உயிர்க்கோடு என்ற ஒன்றைத் திரையில் காட்டிவிட்டு, அதை மதிக்காத ஒரு அடியையும் வைப்பது வடிவமைப்பில் உள்ள முரண். ஆனால் அந்த முரண்தான் வேறெங்கும் கிடைக்காத ஒரு பதற்றத்தையும் தருகிறது. இதில் 'முன்னிலை' என்று ஒன்று கிடையாது. எதிராளியின் உயிர்க்கோடு மயிரிழையில் தொங்கினாலும் அவர் ஆபத்தானவர்தான், கடைசி வரைக்கும்.

இதை எதிர்கொள்ள முதல் வழி தடுப்பு. பின்னோக்கி இழுத்து நின்றால் இந்த வீச்சையும் தடுக்க முடியும். அதனால் எதிராளியின் ஆயுதம் எட்டும் தூரத்தின் விளிம்பில் நிற்கும்போது ஜாய்ஸ்டிக் பின்பக்கமே இருக்கட்டும். அந்தத் தூரத்துக்குள் காரணமில்லாமல் நடக்காதீர்கள். ஆயுதம் எட்டாத தூரத்தில் ஒரு பட்டனையும் தொடாமல் நின்று, எதிராளியை வீச வைத்து, வீச்சு காற்றில் போன பிறகு உள்ளே புகுவதுதான் இந்த விளையாட்டின் அடிப்படைப் பாடம். பெரிய வீச்சு தவறினால் அதற்குப் பிறகு வரும் வெறுமை உங்களுடையது.

தாக்குபவராக இருந்தால் நேர்மாறாக யோசியுங்கள். நின்றுகொண்டிருப்பவரைப் பார்த்து இதை வீசாதீர்கள், தடுத்துவிடுவார். அவர் வேறு ஏதோ அடியில் மாட்டியிருக்கும்போது வீசுங்கள். அவர் கையை இழந்த உடனே வரும் சில நொடிகள் மிக நல்ல நேரம். பெரும்பாலானோர் அந்தச் செத்த பட்டனை ஒருமுறையாவது அழுத்தித்தான் தீர்வார்கள்.

படி 7: கணினியும் மரணமும்

தனியாக ஆடும்போது கணினி உங்களை இரக்கமில்லாமல் நடத்தும். தலைவெட்டை அதுவும் பயன்படுத்தும். அதனால் முதல் சில எதிராளிகளிடம் வேகத்தைக் காட்டாமல் மேலே சொன்ன விளிம்புத் தூரத்தில் நின்று ஆடுங்கள். அடிக்கடி அசந்து தோற்பீர்கள், தொடர்ந்து நாணயம் போடலாம், மேமில் அதற்குச் செலவில்லை.

கடைசியில் வருவது மரணமே, கையில் அரிவாளோடு. தனியாக ஆடுவதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை என்பதால் இதை நீட்டவில்லை. ஒருமுறை முடித்துப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 8: இன்னொருவரைக் கூப்பிடுங்கள்

டைம் கில்லர்ஸ் இரண்டு பேருக்கான விளையாட்டு. சமமான அளவு தெரிந்த, அல்லது சமமான அளவு தெரியாத ஒரு நண்பர் வேண்டும். நீங்கள் மட்டும் பயிற்சி எடுத்துவிட்டு, முதல் சுற்றிலேயே அவர் தலையை வாங்கினால் அவர் திரும்ப வரமாட்டார். ஆகவே வீட்டுக்குள் நாமே சில விதிகள் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் கட்டத்தில் தலைவெட்டு கூடாது. கைகள் மட்டும். இந்தக் கட்டத்திலேயே ஆட்டத்தின் சுவை வந்துவிடும்: ஒரு கை போனவர் பின்வாங்குவார், மற்றவர் துரத்துவார், துரத்துகிற அவசரத்தில் அவரும் ஒரு கையை இழப்பார். இரண்டு பேருமே கையில்லாமல் உதைத்துக்கொண்டு நிற்கும் ஒரு சுற்று நிச்சயம் வரும். அந்தச் சுற்று யார் ஜெயித்தாலும் வெகுநாள் பேசப்படும்.

இரண்டாவது கட்டத்தில், தலைசுற்றி நிற்பவர்மீது மட்டும் ஐந்து பட்டன் அடியை அனுமதியுங்கள். இப்போது தலைசுற்ற விடாமல் தற்காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வருகிறது, சும்மா பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தவர்கூட தடுக்கத் தொடங்குவார். இரண்டு பேரும் தூரத்தை மதிக்கப் பழகிய பிறகு மூன்றாவது கட்டம், எல்லாமே திறப்பு. சுற்றுகள் சட்டென்று அமைதியாகிவிடும். இரண்டு பேரும் எட்டாத தூரத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அரை அடி முன்னால், அரை அடி பின்னால். யாராவது ஒருவர் பொறுமை இழக்கும் வரை. 'ரத்தக்களறி' என்று மட்டும் பெயர் வாங்கிய ஒரு விளையாட்டு இந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வரும் என்று ஜெனசிஸ் பதிப்பைக் கிழித்த யாருக்கும் தெரிந்திருக்காது.

பல ஆண்டுகள் கழித்து இதே எண்ணத்தை வேறொருவர் பொறுமையாக எடுத்துச் செய்தார்கள். ஸ்குவேர் நிறுவனம் 1997இல் பிளேஸ்டேஷனில் வெளியிட்ட புஷிடோ பிளேடில் உயிர்க்கோடே கிடையாது. ஒரே வெட்டில் ஆள் விழலாம், காலில் அடிபட்டால் நிற்க முடியாமல் மண்டியிட்டுச் சண்டை போடலாம். டைம் கில்லர்ஸ் உயிர்க்கோட்டை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டது, புஷிடோ பிளேடு தைரியமாகத் தூக்கி எறிந்தது. மூன்றாவது கட்டம் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதையும் தேடி ஆடுங்கள்.

படி 9: பிளட்ஸ்டார்ம், அப்புறம் அந்த வரிசையின் முடிவு

1993 டிசம்பரில் அமெரிக்க செனட் விளையாட்டுகளின் வன்முறையைப் பற்றி விசாரணை நடத்தியது. லீபர்மன், கோல் என்ற இரண்டு செனட்டர்கள் முன்னின்றார்கள். அடிபட்ட பெயர்கள் மார்ட்டல் காம்பாட்டும் நைட் ட்ராப்பும். வயது வாரியாகத் தரம் பிரிக்கும் ஈஎஸ்ஆர்பி அமைப்பு 1994இல் பிறந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். அதே 1994இல் இன்கிரெடிபிள் டெக்னாலஜீஸ் கொஞ்சமும் பின்வாங்காமல் பிளட்ஸ்டார்மை வெளியிட்டது, மறுபடியும் ஸ்ட்ராட்டா பெயரில்.

டைம் கில்லர்ஸின் அடுத்த கட்டம் இது. எதிராளியை இடுப்போடு வெட்டிவிட்டாலும் மேல் பாதி சண்டையைத் தொடர்கிறது. ஃப்ரியான், ஹெல்ஹவுண்ட், ட்ரெமர், டெம்பெஸ்ட், ரேசர், மிராஜ், டாலன், ஃபாலவுட் என்று புதிய எட்டுப் பேர், கடைசியில் நெக்ரான். ஒளித்து வைத்த ரகசிய எதிராளிகளும் உண்டு. ஆர்கேட் விளையாட்டுக்கு அரிதான ஒன்றும் இதில் இருந்தது: தோற்கடித்த எதிராளிகளிடமிருந்து சேர்த்த சக்திகளை ஒரு கடவுச்சொல்லாக எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை வரும்போது அங்கிருந்தே தொடரலாம்.

இதன் விளம்பரமும் ஒரு கதை. மார்ட்டல் காம்பாட்டில் ஜானி கேஜ் என்ற பாத்திரமாக நடித்த டேனியல் பெசினா பிளட்ஸ்டார்ம் விளம்பரத்தில் தோன்றினார். அதே பெசினா தன் உருவத்தை வீட்டுப் பதிப்புகளில் பயன்படுத்தியதற்காக, மார்ட்டல் காம்பாட்டைச் செய்த மிட்வே நிறுவனத்தின் மீது வழக்கும் தொடுத்தார். இல்லினாயின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 1996இல் அந்த வழக்கில் தோற்றார்.

பிளட்ஸ்டார்மில் நுட்பம் கூடியிருக்கிறது, ரகசியங்கள் குவிந்திருக்கின்றன. ஆனால் பட்டனும் உறுப்பும் ஒன்று என்ற அந்தத் தெளிவு டைம் கில்லர்ஸில்தான் கூர்மை. அடுத்த ஆண்டு இதே நிறுவனம் கேப்காமுக்காக ஸ்ட்ரீட் ஃபைட்டர் திரைப்படத்தின் ஆர்கேட் விளையாட்டைச் செய்தது. பிறகு கோல்டன் டீயே அவர்களுடைய அடையாளமாகிவிட்டது.

மேமில் இந்த மூன்று சண்டை விளையாட்டுகளும் ஒரே வன்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை. டைம் கில்லர்ஸுக்காக நீங்கள் சரிசெய்த படவிகிதமும் தாமத அமைப்பும் மற்ற இரண்டுக்கும் அப்படியே செல்லும். பட்டன்களை மட்டும் ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பொருத்த வேண்டும். பிளட்ஸ்டார்மைத் தொடங்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் திரையில் வந்ததும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.